ரயில் வந்த வருஷம்: சங்கரன்கோவில் சீமையில் 1927

விருதுநகர்–தென்காசி ரயில் பாதைக்கு 2027இல் நூறு வயது நிறைகிறது. சென்னையில் ராத்திரி பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறி, காலையில் சங்கரன்கோவில் ஸ்டேஷனில் கண் விழித்து இறங்குகிறவர்களுக்கு இந்தப் பாதை என்றைக்கும் இருந்ததுபோலத்தான் தோன்றும். நூறு வருஷத்துக்கு முன்னால் இந்த ஊருக்கு வர வேண்டுமென்றால் கிழக்கே கோவில்பட்டியிலோ, தெற்கே தென்காசியிலோ ரயிலை விட்டு இறங்கி, மாட்டு வண்டி பிடித்துப் புழுதி குடித்துக்கொண்டே வர வேண்டும். அந்த நிலையை மாற்றியது 1927.

அந்த ஒரு வருஷத்தில் இந்தச் சீமையில் நடந்தவற்றைச் சேர்த்துப் பார்க்கிறபோது எனக்கு ஒன்று திரும்பத் திரும்பத் தட்டுப்படுகிறது. டிக்கெட் எடுத்த எல்லாரையும் ஒரே பெட்டியில் ஏற்றிக்கொண்டு போகிற வண்டி ஊருக்குள் வந்துவிட்டது. அந்த வண்டியில் வந்து இறங்கியவர்களில் பெரும் பகுதியினருக்குக் கோயில் கதவு மட்டும் திறக்கவில்லை. 1927இன் கதையை இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் சொல்ல வேண்டும்.

கரிசலும் பஞ்சுப்பொதியும்

திருநெல்வேலி என்றதும் வெளியூர்க்காரர்களுக்குத் தாமிரபரணியும் பச்சை வயலும் நினைவுக்கு வரும். சங்கரன்கோவில் தாலுகா அந்தத் திருநெல்வேலி அல்ல. அரசு ஏடுகளில் அன்று ‘சங்கரநயினார்கோவில்’ என்று எழுதப்பட்ட இந்தத் தாலுகா, வானம் பார்த்த பூமி. மேற்கே மலையடிவாரத்தில் ஓடைகள் நிரப்பும் குளங்களை நம்பிக் கொஞ்சம் நெல். கிழக்கே போகப் போகக் கரிசல். பருத்தி, கம்பு, சோளம், மிளகாய். 1910இல் ராமநாதபுரம் மாவட்டத்தை உருவாக்கியபோது சாத்தூரையும் ஸ்ரீவில்லிபுத்தூரையும் திருநெல்வேலியிலிருந்து பிரித்து அங்கே சேர்த்துவிட்டார்கள். அதன் பிறகு சங்கரன்கோவில் மாவட்டத்தின் வடகோடித் தாலுகாவாக நின்றது.

மதுரை–தூத்துக்குடி ரயில் 1876இலேயே ஓடத் தொடங்கிவிட்டது. 1904இல் திருநெல்வேலியிலிருந்து தென்காசி, செங்கோட்டை வழியாக மலையைக் குடைந்து கொல்லம்வரை பாதை போட்டாகிவிட்டது. இந்த இரண்டு பாதைகளுக்கும் நடுவில் கிடந்த நிலம் இது. சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சங்கரன்கோவில், கடையநல்லூர் என்று ஆள் நெரிசலும் வியாபாரமும் உள்ள ஊர்கள் வரிசையாக இருந்தும் ரயில் இல்லை. திருச்சியைத் தலைமையகமாகக் கொண்டிருந்த தென்னிந்திய ரயில்வே கம்பெனி மீட்டர் கேஜ் பாதை போட்டு 1927இல் இந்த ஊர்களை இணைத்தது. நீளம் 120 கிலோமீட்டருக்குச் சற்று மேல்.

விருதுநகரில் தொடங்கியதற்கு வலுவான காரணம் உண்டு. 1923வரை விருதுபட்டி என்ற பெயரில் இருந்த அந்த ஊர், பஞ்சுக்கும் வத்தலுக்கும் எண்ணெய்க்கும் விலை சொல்கிற இடமாக வளர்ந்திருந்தது. கரிசலில் விளைந்த கருங்கண்ணிப் பருத்திக்கு வெளிநாட்டுச் சந்தையில் திருநெல்வேலிப் பருத்தி என்றே பெயர். அந்த ரகத்தை மேம்படுத்தத்தான் கோவில்பட்டியில் 1901லிருந்து அரசாங்க விவசாயப் பண்ணை வேலை செய்துகொண்டிருந்தது. சங்கரன்கோவில் சம்சாரி அதுவரை பஞ்சுப்பொதியை வண்டியில் ஏற்றி, மாட்டுக்குத் தீவனமும் தனக்குக் கட்டுச்சோறும் கொண்டு கிளம்ப வேண்டும். வழியில் மழை பிடித்தால் பஞ்சு நனையும், விலை இறங்கும். சொந்த ஊரிலேயே கூட்ஸ் வண்டி நின்றபோது இடைத்தரகர் சொன்ன விலைக்குத் தலையாட்டுகிற கட்டாயமும் கொஞ்சம் தளர்ந்தது.

சிவகாசிக்கு இந்தப் பாதை இன்னும் பெரிய வரவு. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு திரும்பியது 1923இல். அதற்கு முந்தைய ஆண்டுதான் இறக்குமதித் தீப்பெட்டிக்கு அரசாங்கம் வரியை உயர்த்தியிருந்தது. அதே 1923இல் ஸ்வீடன் நாட்டு முதலாளிகள் விம்கோ என்ற பெரிய கம்பெனியோடு இந்தியாவுக்குள் இறங்கியிருந்தார்கள். கையால் குச்சி அடுக்கி, கையால் பெட்டி ஒட்டிய சிவகாசி, இயந்திரத்தோடு போட்டி போட வேண்டிய நேரம். மருந்தும் மரமும் வந்து சேர்வதற்கும், பண்டல் பண்டலாகத் தீப்பெட்டி வெளியே போவதற்கும் ஸ்டேஷன் கிடைத்தது அந்த நேரத்தில்தான். இந்தியத் தீப்பெட்டித் தொழிலுக்குப் பாதுகாப்பு வேண்டுமா என்று சுங்கவரி வாரியம் விசாரித்துக்கொண்டிருந்ததும் அப்போதுதான். சிவகாசி பிழைத்ததற்கு ரயில் மட்டும் காரணம் என்று நான் சொல்லவில்லை. ரயில் இல்லாமல் அந்த வேகத்தில் வளர்ந்திருக்காது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

நெல்லையிலிருந்து மவுண்ட் ரோட்டுக்கு

அந்த 1927 ஆகஸ்ட் மாதம் சென்னை மவுண்ட் ரோட்டில் ஒரு வெண்கலச் சிலையின் மேல் சம்மட்டியும் கோடரியும் விழுந்தன. சிலைக்குரியவர் கர்னல் நீல். 1857 எழுச்சியின்போது சென்னைப் படையோடு வடக்கே போய், காசியிலும் அலகாபாத்திலும் ஊர் ஊராகத் தூக்கு மரம் நட்டவர். லக்னோவில் சுடப்பட்டுச் செத்தவர். அந்த ஆளுக்குச் சென்னையின் பெரிய சாலையில் சிலை. அதை அகற்றச் சொல்லித் தொடங்கியது நீல் சிலை சத்தியாக்கிரகம். அதற்குத் தலைமை ஏற்று நடத்தியவர் திருநெல்வேலி எஸ்.என். சோமயாஜுலு. மதுரையிலிருந்தும் நெல்லையிலிருந்தும் தொண்டர்கள் அணி அணியாகப் போய்க் கைதானார்கள். கடலூர் அஞ்சலையம்மாள் தன் சின்னஞ்சிறு மகள் அம்மாக்கண்ணுவோடு வந்து சிறை புகுந்தது இந்தப் போராட்டத்தில்தான். விருதுநகர் இளைஞர் காமராஜும் இதில் ஈடுபட்டார்.

சட்டசபைப் பேச்சுகளையும் மனுக்களையும் விட இந்தப் போராட்டம் என் மனதுக்கு நெருக்கமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 1908இல் வ.உ.சி. கைதானபோது திருநெல்வேலி பற்றி எரிந்தது. 1911இல் மணியாச்சி ஸ்டேஷனில் கலெக்டர் ஆஷ் சுடப்பட்டார். அதன் பிறகு வந்த போலீஸ் கெடுபிடியில் மாவட்டமே பல வருஷம் வாய் மூடிக் கிடந்தது என்று சொல்லலாம். 1927இல் அதே மாவட்டத்து ஆட்கள் தலைநகரத்துக்கே போய், ஆள்கிறவர்களின் வீரன் யார் என்று பகிரங்கமாகக் கேட்டார்கள். செப்டம்பரில் சென்னை வந்த காந்தி தொண்டர்களைச் சந்தித்தார். நோக்கத்தை ஏற்றுக்கொண்டு, அகிம்சை பிசகக் கூடாது என்று நிபந்தனை போட்டார். சிலை உடனே நகரவில்லை. பத்து வருஷம் கழித்து 1937இல் ராஜாஜி மந்திரிசபை வந்த பிறகுதான் அது மியூசியத்துக்குப் போனது.

அக்டோபரின் முதல் வாரம்

அந்த வருஷம் மார்ச்சில் காந்தி ரத்தக் கொதிப்பால் படுத்துவிட்டார். நந்தி மலையிலும் பெங்களூரிலும் மாதக்கணக்கில் ஓய்வு. உடம்பு தேறியதும் கதர் நிதி திரட்டத் தமிழ்நாட்டுக்குள் நுழைந்தார். வேலூர், சென்னை, தஞ்சாவூர், திருச்சி, செட்டிநாடு, மதுரை என்று இறங்கி, அக்டோபர் 4ஆம் தேதி ராஜபாளையம், 5ஆம் தேதி கோவில்பட்டி, 6ஆம் தேதி தூத்துக்குடி, 7ஆம் தேதி திருநெல்வேலி, 8ஆம் தேதி நாகர்கோவில்.

ராஜபாளையமும் கோவில்பட்டியும் சங்கரன்கோவிலுக்கு முப்பது, நாற்பது கிலோமீட்டர் தூரம். அந்த வாரம் இந்தச் சீமையின் இரண்டு பக்கமும் காந்தி இருந்தார். பருத்தி விளைகிற மண், அதை நூற்கிற கை, நெய்கிற தறி மூன்றும் ஒரே இடத்தில் இருந்த வட்டாரம் இது. சங்கரன்கோவிலிலும் புளியங்குடியிலும் தறிச் சத்தம் கேட்காத தெரு குறைவு. கதர் என்ற பேச்சு இங்கே வயிற்றோடு சம்பந்தப்பட்ட பேச்சு. விலை போகாத பஞ்சு, வேலை இல்லாத கோடை மாதங்கள், மில் நூலுக்குக் கடன்பட்ட நெசவாளி எல்லாம் அதில் அடக்கம். ராஜபாளையத்தில் பி.எஸ். குமாரசாமி ராஜா போன்றவர்கள் காங்கிரஸ் பக்கம் உறுதியாக நின்றதும், அவரே பின்னால் 1949இல் சென்னை மாகாண முதலமைச்சர் ஆனதும் அந்தத் தொடர்ச்சிதான்.

காந்தி வந்து போன கோவில்பட்டியில் அந்த நாட்களில் ஒரு வக்கீல் வாழ்ந்துகொண்டிருந்தார். கப்பல் ஓட்டிய வ.உ. சிதம்பரம் பிள்ளைதான் அவர். தண்டனையோடு பறிபோன வக்கீல் சன்னது நீதிபதி வாலேஸின் உதவியால் திரும்பக் கிடைக்க, கோவில்பட்டிக்கு வந்து கோர்ட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். அந்த நன்றியில் தன் பிள்ளைக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்த மனிதர். கப்பல் கம்பெனிக்காகச் சொத்தையெல்லாம் இழந்த ஒருவர், கரிசல் காட்டுச் சம்சாரிகளின் வரப்புத் தகராறுக்கு வாதாடிக்கொண்டிருந்த காலம் அது. காங்கிரஸை விட்டு விலகி நின்ற அவர் அந்த நவம்பரில் சேலம் அரசியல் மாநாட்டுக்குத் தலைமை வகித்து மறுபடி மேடை ஏறினார். பிராமணரல்லாதார் பிரச்சினையை அந்த மேடையிலேயே பேசினார். அவரை 1908ஓடு நிறுத்திவிட்டு 1936 மரணத்துக்குத் தாவிவிடுகிறோம். நடுவிலிருக்கும் கோவில்பட்டி வருஷங்களைப் பள்ளிப் பாடம் சொல்வதில்லை, சொல்ல வேண்டும்.

அதே வருஷம் பெங்களூரில் ஈ.வெ. ராமசாமியும் எஸ். ராமநாதனும் காந்தியைப் போய்ப் பார்த்தார்கள். வருணாசிரமம் பற்றி நீண்ட பேச்சு. ஒத்துவரவில்லை. சுற்றுப்பயணத்தில் காந்தி வருணம் பற்றிப் பேசியதையெல்லாம் ராமசாமியின் ‘குடி அரசு’ பத்திரிகை வாராவாரம் கேள்வி கேட்டது. டிசம்பர் முடிவதற்குள் ஆசிரியர் பெயரிலிருந்து ‘நாயக்கர்’ என்ற பட்டம் போயிற்று. இந்தப் பாதையின் தலைமாட்டு ஊரான விருதுநகர் நாடார் வணிகர்களிடையே அந்தப் பத்திரிகைக்குச் செல்வாக்கு அதிகம். 1931இல் சுயமரியாதை மாகாண மாநாடு அங்கேதான் கூடியது.

புற்றைக் கண்டவர்

இனிக் கோயிலுக்கு வருவோம். சங்கரன்கோவில் தலபுராணம் அழகானது. சிவன் பெரியவனா, திருமால் பெரியவனா என்று சங்கன், பதுமன் என்ற இரண்டு நாகர்கள் வழக்காடினார்கள். அம்பாளோ இருவரையும் ஒரே உருவில் காண வேண்டுமென்று புன்னை வனத்தில் தவம் இருந்தாள். ஆடி மாதம் சங்கரநாராயணராக ஈசன் காட்சி கொடுத்தார். ஆடித்தபசு அதைக் கொண்டாடுகிற திருவிழா. புற்றுமண்ணை நெற்றியில் பூசி, பாம்பு, தேள் உருவங்களைக் காணிக்கையாகப் போட்டு, கோமதியம்மனை நேர்ந்துகொள்ள வருகிற கூட்டம் இன்றைக்கும் குறையவில்லை. ரயில் வந்த பிறகு அந்தக் கூட்டம் எப்படிப் பெருகியிருக்கும் என்று யாரும் ஊகிக்கலாம்.

தலபுராணத்தில் இன்னொரு ஆள் உண்டு. அந்தப் புன்னை வனத்துக்குக் காவல் இருந்த காவற்பறையன். புற்றை வெட்டும்போது பாம்பின் வால் அறுபட்டதைப் பார்த்தவர் அவர். பக்கத்தில் லிங்கம் இருப்பதைக் கண்டவர் அவர். ஓடிப்போய் உக்கிரபாண்டியனிடம் சொன்னவரும் அவர்தான். அரசன் வந்து கோயில் எழுப்பினான். அவர் பார்த்திராவிட்டால், சொல்லியிராவிட்டால் கோயிலே இல்லை என்று கோயிலின் சொந்தக் கதையே சொல்கிறது.

1927இல் அவருடைய குலத்தார் இந்த ராஜகோபுரத்தைத் தாண்டி உள்ளே போக முடியாது. அவர்கள் மட்டுமல்ல. விருதுநகரிலும் சிவகாசியிலும் பள்ளிக்கூடம் கட்டி, வங்கி நடத்தி, தொழில் வளர்த்த நாடார்களுக்கும் இந்தப் பக்கத்துப் பெரிய கோயில்கள் மூடியே இருந்தன. 1895இல் கழுகுமலையில் ரத்தம் சிந்தியது. 1899இல் சிவகாசி எரிந்தது. கமுதிக் கோயிலுக்குள் போன நாடார்கள் மேல் போட்ட வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில்வரை போய் 1908இல் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. இதையெல்லாம் பழங்கதை என்று தள்ளுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அந்தத் தீர்ப்பு வந்தபோது பிறந்த குழந்தைக்கு, ரயில் வந்தபோது வயது 19.

1927இல் கோயில்களைப் பற்றி அரசாங்கம் ஒரு பெரிய வேலையும் செய்தது. நீதிக்கட்சி ஆட்சியில் பனகல் அரசர் கொண்டுவந்த இந்து அறநிலையச் சட்டம் வழக்குகளில் மாட்டிக்கொள்ளாமல் இருக்க, திருத்தி, 1927இன் 2ஆம் சட்டமாக மறுபடி நிறைவேற்றினார்கள். கோயில் நிலம் என்ன ஆயிற்று, வரவு என்ன, செலவு என்ன என்று தர்மகர்த்தாக்கள் அறநிலைய வாரியத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும். ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் சில வருஷம் கழித்து இந்த வாரியத்தின் ஆணையராக இருந்தார் என்பது நெல்லைக்காரர்களுக்குத் தனிச் சந்தோஷம். நல்ல சட்டம்தான். ஊர்ச் சொத்து ஒரு சிலர் கையில் கேள்வி முறையில்லாமல் கிடந்ததை அது கேட்டது. ஆனால் உண்டியலைத் திறந்து எண்ணச் சொன்ன சட்டம், வாசலைத் திறக்கச் சொல்லவில்லை. அந்த நவம்பரில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்தில் தேவதாசி முறைக்கு எதிராகத் தீர்மானம் கொண்டுவந்தார். கோயிலுக்குள் நடக்கிற அநீதியைச் சட்டமன்றத்தில் பேசலாம் என்ற துணிச்சல் அந்த வருஷம் வந்துவிட்டது என்பதற்கு அது சாட்சி.

ரயிலும் முழு நியாயம் செய்துவிடவில்லை. பெட்டியில் யார் பக்கத்தில் யார் என்று கம்பெனி கேட்கவில்லை. மூன்றாம் வகுப்பு டிக்கெட்டுக்கு ஒரே பலகைதான். ஸ்டேஷன் சிற்றுண்டிச் சாலையிலோ ‘பிராமணாள்’, ‘இதராள்’ என்று இரண்டு போர்டு. அதை எடுக்கச் சொல்லிப் பல வருஷம் கிளர்ச்சி நடந்து, 1941இல்தான் அந்தப் போர்டுகள் இறங்கின. பஸ் இன்னும் மோசம். ரயிலோடு போட்டி போட்டுக்கொண்டு ஓடிய மோட்டார் பஸ்களில் தாழ்த்தப்பட்டவர்களை ஏற்ற மறுத்தார்கள். ராமநாதபுரம் ஜில்லா போர்டுக்கு ஊ.பு.அ. சௌந்திரபாண்டியன் தலைவராக வந்த பிறகுதான், ஏற்ற மறுக்கிற பஸ்ஸுக்கு லைசென்ஸ் ரத்து என்று உத்தரவு போட்டு அதை உடைத்தார். சட்டம் போட அதிகாரம் உள்ள இடத்தில் சரியான ஆள் உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

மண்டபம் போன வண்டி

இந்தப் பாதையில் ஏறிய எல்லாரும் தீர்த்த யாத்திரைக்கும் குற்றால சீசனுக்கும் போனவர்கள் அல்ல. மழை பொய்த்தால் தோட்டத்துக்கு ஆள் பிடிக்கும் கங்காணி ஊருக்குள் வருவான். முன்பணம் கொடுப்பான். குடும்பம் குடும்பமாகக் கிளம்பி மதுரை, மானாமதுரை வழியாக மண்டபம் முகாம். அங்கே நோய்த்தடுப்புத் தனிமையில் சில நாள். பிறகு தனுஷ்கோடியில் கப்பல் ஏறித் தலைமன்னார். அங்கிருந்து கண்டிச் சீமைத் தேயிலைத் தோட்டம். திருநெல்வேலியும் ராமநாதபுரமும் இலங்கைக்கு ஆள் அனுப்பிய மாவட்டங்கள். அவர்களில் பெரும் பகுதி, ஊர்க் கோயிலுக்குள் கால் வைக்க முடியாத மக்கள். அவர்களுக்கு ரயில் தப்பிக்கிற வழியாகவும் இருந்தது, இன்னொரு கடனில் மாட்டுகிற வழியாகவும் இருந்தது.

1927இல் இலங்கை அரசாங்கம் தோட்டங்களில் வேலை செய்த இந்தியத் தொழிலாளர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி வகை செய்யும் 27ஆம் சட்டத்தைக் கொண்டுவந்தது. நவம்பரில் காந்தி இலங்கையில் சுற்றுப்பயணம் செய்து தோட்டத் தொழிலாளர்களிடம் பேசினார். அதே நவம்பரில் டொனமூர் கமிஷன் கொழும்பில் இறங்கி, தீவுக்கு எந்த மாதிரி ஆட்சி, யாருக்கு ஓட்டு என்று விசாரிக்கத் தொடங்கியது. மலையகத் தமிழரின் வாக்குரிமைச் சண்டை அங்கேதான் வேர் பிடித்தது. கரிசல் காட்டில் மழை தவறியதற்கும் கண்டி மலையில் ஓட்டுச் சண்டை வந்ததற்கும் நடுவே இருந்தவர்கள் நம் மாவட்டத்து மனிதர்கள். அவர்கள் வழி வந்த குடும்பங்கள் சில, இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இதே ராமேஸ்வரம் பாதையில் திரும்பி வந்தன.

அந்த 1927 நவம்பர் 8ஆம் தேதி லண்டனில் சைமன் கமிஷன் அறிவிப்பு வந்தது; உறுப்பினர்களில் ஒரு இந்தியர்கூட இல்லை. டிசம்பர் கடைசியில் சென்னையில் டாக்டர் அன்சாரி தலைமையில் காங்கிரஸ் கூடி, கமிஷனைப் பகிஷ்கரிக்கத் தீர்மானித்தது. அதே மாநாட்டில் ஜவாஹர்லால் நேரு கொண்டுவந்த முழு விடுதலைத் தீர்மானமும் நிறைவேறியது.

கதவு

ஆனால் ஊரில் கதவு அப்படியே இருந்தது. 1934 ஜனவரியில் காந்தி ஹரிஜன நிதிக்காகத் தென்காசி, குற்றாலம் பக்கம் வந்தார். பீகாரைப் பூகம்பம் தாக்கிய செய்தி பற்றித் திருநெல்வேலிக் கூட்டத்தில் பேசியபோது, தீண்டாமைப் பாவத்துக்குக் கடவுள் தந்த தண்டனை அது என்றார். தாகூர் அதைக் கடுமையாக மறுத்தார். அந்த வாதத்தில் நான் தாகூர் பக்கம்தான். பூகம்பத்தில் செத்த ஏழைகளைப் பாவத்துக்குக் கணக்கு வைக்க முடியாது. ஆனாலும் அந்தப் பேச்சைக் காந்தி திருநெல்வேலியில் பேசினார் என்பது தற்செயல் என்று என்னால் நினைக்க முடியவில்லை. இந்த மாவட்டத்துக் கோயில் வாசல்களை அவர் பார்த்திருந்தார்.

1939 ஜூலை 8ஆம் தேதி மதுரை வைத்தியநாதய்யர் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஒரு சிறு குழுவை அழைத்துப் போனார். கக்கன் உள்ளிட்ட தாழ்த்தப்பட்ட சமூகத்தார் ஐவர். விருதுநகர் நகராட்சி உறுப்பினராக இருந்த நாடார் ஒருவர். அவர்கள் மேல் வழக்கு வராமல் காக்க ராஜாஜி அரசு அவசரச் சட்டம் போட்டு, அதே வருஷம் சட்டமாகவும் ஆக்கியது. அந்தச் சட்டத்திலும் ஒரு நிபந்தனை இருந்தது: கோயிலை நிர்வகிப்பவர்கள் சம்மதித்தால்தான் கதவு திறக்கும். யாருடைய சம்மதத்துக்கும் காத்திராமல், எந்தக் குலத்தவரும் எந்தப் பொதுக் கோயிலுக்குள்ளும் நுழையலாம் என்று சென்னை மாகாணத்தில் சட்டம் வந்தது 1947இல்.